“நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

காதால் கேட்டதைக்கூட, நெருங்கியவர் அழுத்தமாக மறுத்தால் நாம் சந்தேகிக்கிறோம். ஏன்?

நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த புகைப்படம் அல்ல. நினைக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. இடையில் காதில் விழுந்த சொல்லும் அதில் கலந்துவிடுகிறது. 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். சிலரிடம் ‘இடித்தபோது’ என்றார்கள், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’. ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்றதற்கு முதல் குழுவின் 50 பேரில் 7 பேரும், அடுத்த குழுவின் 50 பேரில் 16 பேரும் ‘ஆமாம்’ என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை!

அந்நியரின் ஒரு சொல்லுக்கே இவ்வளவு வலு. கூடவே வாழ்பவர் தினமும் “உனக்குத்தான் ஞாபகமே இல்லை” என்றால், மனம் எத்தனை நாள் தாங்கும்?

இப்படி ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைப்பதற்குக் ‘கேஸ்லைட்டிங்’ என்று பெயர். பாட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தது. மனைவியைப் பைத்தியம் என்று நம்பவைக்கும் கணவன், மாடியில் ரகசியமாக எரிவாயு விளக்கை ஏற்றுவான். கீழே அவள் அறை விளக்கு மங்கும்.

மறதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தகராறிலும் தப்பு உங்கள் ஞாபகத்தின் மேலேயே விழுந்தால், அன்றைக்கே தேதி போட்டு டைரியில் எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவையுங்கள்.