ஏரவாடா: ஒரே வட்டாரத்தில் இருவேறு வாடகைக் கணக்குகள்

புதுதில்லி: 1932-ஆம் ஆண்டு காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த சிறைச்சாலையாலும், அதையொட்டி உருவான புனா ஒப்பந்தத்தாலும் நாடறிந்த இடம் புனே நகரின் ஏரவாடா. கடந்த இருபது ஆண்டுகளில் அது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வட்டாரமாகவும் மாறியுள்ளது. வீட்டுச் சந்தை சரிந்த 2020-ஆம் ஆண்டில், இங்கே சிறு முதலீட்டாளருக்கும் பெரு முதலீட்டுக்கும் கிடைத்த பலன் ஒன்றாக இருக்கவில்லை.

ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, வீட்டிலிருந்தே பணி என்ற நிலை வந்ததும் மென்பொருள் ஊழியர்கள் பலர் வாடகை வீடுகளைக் காலி செய்து சொந்த ஊர் திரும்பினர். அவர்களை நம்பி வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்த நடுத்தர வர்க்கத்தினருக்கு வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பு ஆகஸ்ட் இறுதி வரை நீடித்தது. எனினும் அந்த மாதங்களுக்கான வட்டி கடனோடு சேர்ந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வட்டியை முழுமையாகத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

கையைக் கடிக்கும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு: 70 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை. மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். வாடகை 18,000 ரூபாய் வந்து, பராமரிப்புக்கு 3,000 ரூபாய் போனால், உரிமையாளர் மாதந்தோறும் 28,400 ரூபாயைத் தம் ஊதியத்திலிருந்து போட வேண்டும். வீடு காலியானால் இது 46,400 ரூபாய். வீட்டு விலை உயரும் வரை இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விலை தேங்கும்போதுதான் தெரிகிறது.

வரிச் சலுகையும் முன்போல் இல்லை. இதே எடுத்துக்காட்டில் முதலாண்டு வட்டி சுமார் 4.21 லட்சம். 30 சதவீதக் கழிவு போக மிஞ்சும் வாடகையை ஈடுகட்டிய பிறகும், கணக்கில் சுமார் 2.7 லட்சம் நட்டம். இதில் ஆண்டுக்கு 2 லட்சம் வரையே பிற வருமானத்தில் கழிக்க முடியும் என 2017-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் வரம்பு விதித்தது. புதிய வரி முறையில் இருப்போருக்கு அதுவும் கிடையாது.

மறுபக்கம்

அதே 2020 ஆகஸ்டில், ஏரவாடாவின் காமர்சோன் அலுவலக வளாகத்தையும் உள்ளடக்கிய மைண்ட்ஸ்பேஸ் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பொதுமக்களிடம் திரட்டப்பட்ட தொகை 4,500 கோடி ரூபாய். அலுவலகங்களில் ஆள் இல்லாவிட்டாலும், நீண்டகால ஒப்பந்தங்களால் கட்டுண்ட நிறுவனங்களிடமிருந்து வாடகை பெருமளவு வந்துகொண்டிருந்தது. இத்தகைய அறக்கட்டளைகள், பகிர்ந்தளிக்கத்தக்க பணவரவில் 90 சதவீதத்தையாவது முதலீட்டாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது செபியின் விதி. அப்போது சுமார் 50,000 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச முதலீட்டை, 2021-இல் செபி 10,000 முதல் 15,000 ரூபாய் என்ற அளவுக்குக் குறைத்தது.

எனினும் இதுவும் இடரற்றதன்று. ஒப்பந்தக் காலம் முடிந்து நிறுவனங்கள் இடத்தைக் குறைத்தால் வருவாய் குறையும். அலகுகளின் விலையும் சந்தையோடு ஏறி இறங்கும்.

யாருக்குச் சலுகை?

சரிவைத் தடுக்க மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை முத்திரைத் தீர்வையை 3 சதவீதப் புள்ளிகளும், அடுத்த மூன்று மாதங்களுக்கு 2 புள்ளிகளும் குறைத்தது. விற்பனை கூடியது. ஆனால் வாங்குவோருக்குக் கிடைத்த இந்தச் சலுகையில் குடியிருப்போருக்குப் பங்கில்லை. 2022 முதல் ஊழியர்கள் அலுவலகம் திரும்பியதும், புனேயில் வாடகை விரைந்து ஏறியது.

நகர்ப்புற வீடுகளில் வாடகை வீடுகளின் பங்கு 1961-இல் 54 சதவீதமாக இருந்து 2011-இல் 28 சதவீதமாகச் சரிந்ததாக மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. அதே வேளையில் 2011 கணக்கெடுப்பின்படி, நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. அதை ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம். பூட்டிய வீடுகள் திறக்கப்பட்டால் உரிமையாளரின் தவணைச் சுமையும் குறையும், குடியிருப்போரின் வாடகைச் சுமையும் குறையும். வாங்குவோரை மட்டுமே பார்க்கும் கொள்கை இந்த இருவருக்கும் பயன்படாது.