திருப்பதியில் ஒரு கடல்

2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் அதற்குள்தான் வருகிறது. ஆனால் கடல்மீன் தொட்டி வைக்க நினைப்பவர் அந்த ஏரி நீரைக் கேனில் பிடித்து வருவது வீண். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து அதன் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் கடலையே மிஞ்சும். தொட்டி மீனுக்கோ உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற அளவில் நிலையாக இருக்க வேண்டும்.

அதனால் திருப்பதியிலும் சித்தூரிலும் கடலை வீட்டிலேயே கரைத்துக்கொள்ள வேண்டியதுதான். போர் தண்ணீர் வேண்டாம், குளோரின் கலந்த குழாய்நீரும் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரில் கடல் தொட்டிக்கான உப்புக் கலவையைக் கரையுங்கள். சமையல் உப்பு உதவாது. கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன; சமையல் உப்பில் அவை அந்த அளவில் கிடைக்காது.

உப்பு சரி, நீரும் கண்ணாடி போலத் தெளிவு. மறுநாளே சென்னை கொளத்தூர் சந்தையில் மீன் வாங்கி விடுகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான். மீனின் செவுளிலிருந்து அம்மோனியா ஓயாமல் வெளியேறுகிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகளைச் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டி சூரிச்சில் பிரித்தெடுத்துக் காட்டினார். புதுத் தொட்டியில் அவை பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தங்கமீன் வளர்த்துப் பழகியவர்களை ஏமாற்றுவது பி.எச். அளவு. நன்னீரில் அது 7-ஐ ஒட்டி இருந்தால் அம்மோனியாவின் பெரும்பங்கு நச்சற்ற வடிவில் கிடக்கும். கடல்நீரில் அது 8.2. அங்கே நச்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கும் மேல். வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும். நன்னீரில் மீன் தாங்கிய அதே அளவு, இங்கே அதைக் கொன்றுவிடும்.

ஆகவே முதலில் மீனில்லாமல் தொட்டியை ஓட்டுங்கள். ஓர் இறாலைப் போட்டு அழுகவிட்டால் போதும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். அதுவரை காத்திருப்பதைவிட முக்கியமான வேலை இந்தப் பொழுதுபோக்கில் இல்லை என்பது என் கருத்து. நுண்ணுயிரிகள் குடியேற பீங்கான் வளையங்களும் உலர்ந்த சுண்ணாம்புக் கல்லும் தாராளம். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மே மாதத்தில் ஊரே 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறிக் காற்று நீர்ப்பரப்பில் பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கூடவே நீரும் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கிவிடும். குறைந்த நீரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் ஈடுசெய்யுங்கள், உப்புநீரால் அல்ல.

முதல் மீன் கோமாளி மீனாக இருக்கட்டும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையங்கள் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. கடையில் விலை கேட்கும்முன், பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள்.