அழுத்திய எண் எங்கே போகிறது?

வங்கி, எரிவாயு முகவர், காப்பீட்டு நிறுவனம் என எங்கே அழைத்தாலும் முதலில் பேசுவது பதிவுசெய்த குரல்தான். தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தச் சொல்கிறது. அழுத்துகிறோம்; ‘பீப்’ என்ற ஒலியும் காதில் விழுகிறது. மறுமுனையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. சில விநாடிகளில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச்சு தொடர்கிறது, அல்லது இணைப்பே துண்டிக்கப்படுகிறது. தமக்குத்தான் கைபேசியைக் கையாளத் தெரியவில்லை என்று நினைத்து, வயதானவர்கள் பலர் வீட்டுப் பிள்ளைகளிடம் போனை நீட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் பிழை அவர்களுடையது அல்ல. நாம் அழுத்தும் எண் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால், அது தொலைந்துபோகும் இடங்கள் தெரியவரும்.

இரண்டு ஒலிகள், ஓர் எண்

சுழற்றும் டயல் இருந்த காலத்தில், எண் என்பது மின்துடிப்புகளின் எண்ணிக்கை. மூன்றைச் சுழற்றினால் இணைப்பு மூன்று முறை விட்டுவிட்டு வரும். தொலைபேசி நிலையம் அதை எண்ணிக்கொள்ளும். இந்த முறையை மாற்றி, பொத்தான் தொலைபேசியை அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு பொத்தானும், ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல, ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். கிடைவரிசைக்கு ஓர் ஒலி; மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசைக்கு இன்னொன்று. எண் 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும் சேர்ந்தது. எண் 5 என்றால் 770-ம் 1,336-ம். இதற்கு டி.டி.எம்.எஃப். என்று பெயர்.

ஏன் இரண்டு ஒலிகள்? அழைப்பவரின் பேச்சையோ பின்னணியில் ஒலிக்கும் பாட்டையோ இயந்திரம் எண் என்று தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒன்று இன்னொன்றின் மடங்காக வராதபடி இந்த அதிர்வெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்கும் கருவியும் கறாரானது. வழக்கமான அளவுகோலின்படி, ஒலி சுமார் 40 மில்லி விநாடியாவது நீடிக்க வேண்டும், அதிர்வெண் 3.5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அது எண்ணாகவே எடுத்துக்கொள்ளப்படாது.

கைபேசியில் நடப்பது வேறு

வீட்டுத் தொலைபேசியில் நம் காதில் விழும் ஒலியேதான் கம்பி வழியாக மறுமுனைக்கும் போகும். கைபேசியில் அப்படி இல்லை. கம்பித் தொலைபேசி வலைப்பின்னலில் ஒரு குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் இடம் உண்டு. ஜி.எஸ்.எம். கைபேசியின் முதல் குரல் சுருக்குமுறையில் அது வெறும் 13 கிலோபிட். மனிதக் குரலுக்காக வடிவமைத்த அந்தச் சுருக்கலில், துல்லியமான இரட்டை ஒலி சிதைந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஆகவே கைபேசி ஒலியை அனுப்புவதில்லை. ‘பயனர் எண் ஒன்றை அழுத்தத் தொடங்கினார்’, ‘விரலை எடுத்தார்’ என்று இரண்டு சமிக்ஞைச் செய்திகளை வலைப்பின்னலுக்கு அனுப்புகிறது. அதைப் பெறும் இணைப்பகம்தான் மறுமுனைக்கான ஒலியைப் புதிதாக உருவாக்குகிறது. நம் காதில் கேட்கும் ‘பீப்’ நமக்காகக் கைபேசியே எழுப்பிக்கொள்ளும் ஒலி மட்டுமே. அது கேட்டதால் எண் போய்ச் சேர்ந்தது என்றும் ஆகாது. கேட்காததால் போகவில்லை என்றும் ஆகாது. அமைப்புகளில் விசை ஒலியை நிறுத்தி வைத்தாலும் பொதுவாக எண் போகும்.

4ஜி குரல் அழைப்பான வோல்டியில் குரல் முழுக்க இணையப் பொட்டலங்களாகச் செல்கிறது. அங்கே விசை அழுத்தமும் ஒரு தனிப் பொட்டலம். ‘நிகழ்வு எண் 5, இவ்வளவு நேரம்’ என்று குறிப்பு எழுதி, குரல் பொட்டலங்களுக்கு நடுவே அனுப்பப்படுகிறது. 2006-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 4733 என்ற தரநிலை இதற்கான விதிகளைச் சொல்கிறது. வழியில் பொட்டலம் தொலையக்கூடும் என்பதால், விசை அழுத்தம் முடிந்ததைச் சொல்லும் பொட்டலத்தை மூன்று முறை அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு.

எங்கே தொலைகிறது?

நம் சிம் நிறுவனத்தில் புறப்படும் அழைப்பு, வேறொரு நிறுவனத்தின் வலைப்பின்னலைக் கடந்து, அழைப்பு மையத்தின் கருவிக்குள் நுழைந்து, கடைசியில் பதிவுக் குரலை இயக்கும் மென்பொருளை அடைகிறது. ஒவ்வொரு எல்லையிலும் எண்ணை எந்த வடிவில் ஒப்படைப்பது என்று இரு தரப்பும் அழைப்பின் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். ஒரு தரப்பு செய்திப் பொட்டலமாக அனுப்ப, மறு தரப்பு ஒலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால், நாம் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. நடுவிலிருக்கும் கருவி ஒலியைச் செய்தியாக மாற்றும்போது, மூல ஒலியின் துணுக்கு ஒன்று கசிந்து உடன் செல்லும். மறுமுனை இரண்டையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். 5 என்பது 55 ஆகிவிடும். மொழியைத் தேர்வுசெய்யும்போது இது பெரிய சேதமில்லை. கணக்கு எண்ணிலோ ரகசிய எண்ணிலோ நடந்தால் ‘தவறான எண்’ என்ற பதில் வரும். அது திரும்பத் திரும்ப நடந்தால் சேவையே முடக்கப்படலாம்.

கைக்கும் காதுக்கும் நடுவே

வலைப்பின்னலில் கோளாறே இல்லாதபோதும் எண் போகாமல் இருப்பதுண்டு. கைபேசியைக் காதில் வைத்ததும் திரை அணைந்துவிடுகிறது. பதிவுக் குரல் எண்ணைச் சொன்ன பிறகு, போனைக் காதிலிருந்து எடுத்து, திரை ஒளிரக் காத்திருந்து, எண்பலகைக்கான படத்தைத் தேடித் தொட்டு, பிறகு எண்ணை அழுத்த வேண்டும். போன் முகத்துக்கு அருகில் உள்ளதா என்று பார்க்கும் உணரியைத் திரைக் காப்புக் கண்ணாடி மறைத்துவிட்டால், காதிலிருந்து எடுத்த பின்னும் திரை கறுப்பாகவே இருக்கும். இதற்குள் இயந்திரம் கொடுத்த சில விநாடிகள் தீர்ந்துவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அந்த அவகாசம் எப்படிப் போதும்?

நாம் செய்யக்கூடியவை

ஒயர் இயர்போன் மாட்டிக்கொண்டால் போனைக் காதில் வைக்க வேண்டியதில்லை. எண்பலகையைத் திறந்து கண்முன்னே வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் போட்டும் இதைச் செய்யலாம். ஆனால், ரகசிய எண்ணை அழுத்தும்போது ஸ்பீக்கர் வேண்டாம். விசை ஒலியைப் பதிவுசெய்தால் அதிலிருந்து எண்ணைக் கண்டுபிடித்துவிட முடியும். பதிவுக் குரல் பேசி முடித்த பிறகு, இலக்கங்களை ஒவ்வொன்றாக, சற்றே இடைவெளி விட்டு அழுத்துங்கள். சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் விசை ஒலியின் நீளத்தைக் கூட்டும் வசதி, போன் செயலியின் அமைப்புகளில் இருக்கிறது.

அப்படியும் பலிக்கவில்லை என்றால், வேறொரு நிறுவனத்தின் தானியங்கி எண்ணை அழைத்துப் பாருங்கள். அங்கே வேலைசெய்தால் உங்கள் கைபேசியில் பெரும்பாலும் குறையில்லை. எங்குமே வேலைசெய்யவில்லை என்றால், வைஃபை அழைப்பு வசதியையோ வோல்டியையோ சற்று நேரம் நிறுத்திவிட்டு முயலலாம். 4ஜி-யில் மட்டுமே குரல் சேவை தரும் நிறுவனத்தின் சிம் என்றால், வோல்டியை நிறுத்துவது உதவாது.

நிறுவனங்களின் கடமை

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யூ.பி.ஐ. 123பே திட்டத்தில், சாதாரண பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்களும் தானியங்கிக் குரல் வழியாகப் பணம் அனுப்பலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களின் பணமே விசை அழுத்தத்தை நம்பி நிற்கும்போது, எண் போய்ச் சேராததைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்க முடியாது.

எண் கிடைக்காத இயந்திரம் ‘நீங்கள் தவறான எண்ணை அழுத்தியுள்ளீர்கள்’ என்று அழைத்தவர் மேல் பழிபோடுவது நியாயமில்லை. ‘உங்கள் எண் எங்களுக்கு வந்து சேரவில்லை’ என்று உள்ளதைச் சொல்லலாம். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். இரண்டு முறை எண் வராவிட்டால், இணைப்பைத் துண்டிக்காமல் தானாகவே ஓர் ஊழியரிடம் மாற்றிவிடலாம். அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஒரு போனில் சோதித்துவிட்டு நிறுத்தாமல், எல்லா நிறுவன சிம்களிலும், 2ஜி கைபேசியிலும் வோல்டி கைபேசியிலும் சோதித்த பிறகே எண்ணை மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

புகார் செய்யும்போது, அழைத்த நேரம், சிம் நிறுவனம், எந்த இடத்தில் எந்த எண் ஏற்கப்படவில்லை என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். பல கைகள் மாறிப் போகும் ஓர் அழைப்பில் கோளாறு யாரிடம் இருக்கிறது என்று தேட, தொழில்நுட்ப ஊழியருக்கு இந்த விவரம்தான் துணை. ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற பதிலோடு புகாரை முடிக்க விடாதீர்கள். உங்கள் சிம்மிலிருந்து வரும் அழைப்பைச் சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.