கோணேசர் கரையில் கப்பல் நிற்கும் நேரம்

பாடல் பெற்ற தலங்களுள் ஈழநாட்டில் இருப்பவை இரண்டு. திருக்கோணமலை ஒன்று, மன்னாரை அடுத்த திருக்கேதீச்சரம் மற்றொன்று. திருஞானசம்பந்தப் பெருமான் இராமேசுவரத்தில் எழுந்தருளியிருந்தபோது கடலுக்கு அப்பாலுள்ள இவ்விரு தலங்களையும் நினைந்து அங்கிருந்தே பதிகம் பாடினார் என்பது மரபு. அருணகிரிநாதர் கதிர்காமத்து வேலவனைத் திருப்புகழால் துதித்தார். சோழநாட்டு, பாண்டிநாட்டுத் தலங்களையெல்லாம் தரிசித்து முடித்த அன்பர்கள் பலருக்கும் இந்த ஈழத்துத் தலங்கள் மட்டும் நெடுநாளாக எஞ்சி நின்றன. எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்ற காலத்தை நம்முள் மூத்தோர் சிலர் இன்னும் நினைவுகூர்வர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தும் போர்க்காலத்தில் நின்றுபோயிற்று.

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘கார்டீலியா’ நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. கப்பலை நடத்துவோர் இதனை உல்லாசப் பயணமாகவே விளம்பரம் செய்கின்றனர். ஆனால் அந்த மூன்று துறைமுகங்களின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நமக்குத் தோன்றுவது கதிர்காமமும் கோணேசுவரமும் கீரிமலையும் அல்லவா? பிள்ளைகள் பெற்றோரை இக்கப்பலில் அனுப்பி வைக்கும் வழக்கமும் தோன்றியுள்ளது. எல்லாப் பயணங்களிலும் மூன்று துறைமுகங்களும் இடம்பெறுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அட்டவணையும் மாறும். எனவே பணம் செலுத்துமுன் கப்பல் எந்தத் துறையில், எந்தக் கிழமையில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிற்கும் என்பதை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

ஏனெனில் இப்பயணத்தின் பலன் முழுவதும் அந்த மணிக்கணக்கில்தான் அடங்கியுள்ளது. கப்பல் காலை 8 மணிக்குத் துறையை அடைந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடலாகாது. குடிவரவுச் சோதனை முடிந்து ஆயிரக்கணக்கானோர் இறங்குவதற்குள் 9 மணி, சில வேளை 9.30 ஆகிவிடும். புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னரே அனைவரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நடுவில் எஞ்சுவது ஆறரை முதல் ஏழரை மணி நேரம். அதில் நண்பகல் பூஜை முடிந்து நடை சாத்தும் வேளையும் குறுக்கிடுகிறது. நம் ஊரைப் போலவே அங்கும் உச்சிக்காலம் முடிந்ததும் கதவடைத்து, மாலையில்தான் மீண்டும் திறப்பர். மாலை நடை திறக்கும்போது நாம் கப்பலில் அமர்ந்திருப்போம். முற்பகலிலேயே சுற்றிப்பார்க்கும் இடங்களுக்கும் கடைவீதிக்கும் சென்றுவிட்டு, கோயிலைப் பிற்பகலுக்கு ஒதுக்கினால் மூடிய கதவைத்தான் கும்பிட்டு வர நேரும்.

ஆதலால் ஒரு துறைமுகத்துக்கு ஒரு கோயில் என்று வைத்துக்கொள்வதே தக்கது. இறங்கியவுடன் கோயில், மற்றவை பிறகு.

கரைச் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனம் வழியாகவும் ஏற்பாடு செய்யலாம்; வெளியே வாகனம் அமர்த்தியும் செல்லலாம். கப்பலார் நடத்தும் சுற்றுலாவில் கட்டணம் மிகுதி. நாம் விரும்பும் கோயிலில் அரை மணி கூடுதலாக நிற்கவும் இயலாது. ஆனால் பேருந்து வழியில் தாமதித்தால் கப்பல் அதற்காகக் காத்திருப்பது வழக்கம். தனியே வாகனம் அமர்த்தியவர்கள் ஐந்து நிமிடம் பிந்தினாலும் கப்பல் காத்திராது. பின்னர் தம் செலவில் விமானம் ஏறி ஊர் திரும்ப வேண்டியதுதான். திருகோணமலையில் கோயில் அருகில் இருப்பதால் தனி வாகனம் போதும். அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமம் செல்வதற்குக் கப்பலாரின் ஏற்பாடே முதியோருக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

கதிர்காமம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது. முற்பகல் பூஜைக்குச் சென்றுசேர்வது அரிது. சேர்ந்தால் அது முருகன் அருளே. அங்குள்ள வழிபாட்டு முறை நமக்குப் புதிது. கருவறையில் விக்கிரகத்தைக் காண இயலாது. திரைச்சீலையின் முன்பாகவே வழிபட வேண்டும். பூஜை செய்வோர் ‘கப்புராளை’ எனப்படும் சிங்கள மரபினர். மந்திர ஒலியோடும் தீபாராதனையோடும் பழகிய நம்மவர் சிலர் இதைக் கண்டு திகைப்பதுண்டு. முன்னரே அறிந்து சென்றால் அந்த மௌனத்தின் இனிமை புலப்படும். மாணிக்க கங்கையில் கால் நனைத்துச் செல்வது போதும். முழுக்குப் போட்டு ஈர உடையோடு பேருந்தில் அமர்வது முதுமைக்கு ஒவ்வாது. கதிரமலை ஏற்றத்தை இந்தப் பயணத்தில் நினைக்கவே வேண்டாம்.

திருகோணமலையில் கோணேசர் ஆலயம் பிரெடரிக் கோட்டைக்குள், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் அமைந்துள்ளது. பழைய பெருங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையின் அடிவாரக் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டனர். இன்று நாம் தரிசிப்பது அதன்பின் எழுந்த ஆலயம். கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் அருள்பாலிக்கின்றனர். கோட்டை வாயிலிலிருந்து மேலே செல்லும் சாலை நல்ல ஏற்றம். வாகனம் எதுவரை செல்லும், அதன்பின் எத்தனை படிகள் என்பதைப் பேரம் பேசும்போதே கேட்டறிந்துகொள்ள வேண்டும். முற்பகல் முதிர்ந்தால் தரை கொதிக்கும். தடித்த பருத்திக் காலுறை ஒரு இணை கைப்பையில் இருந்தால் வெறுங்காலின் துன்பம் குறையும். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் கையிலிருக்கும் பழத்தைத் தேடி வரும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கழித்துவிடாமல் முதலில் சந்நிதியை அடைக. நேரம் எஞ்சினால் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காணலாம். எஞ்சாவிடில் நகரத்துள்ளேயே பத்திரகாளி அம்மன் கோயில் இருக்கிறது.

காங்கேசன்துறையில் இறங்குவோர் அவ்வூர்ப் பெயரின் காரணத்தை அறிந்திருப்பது நல்லது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி அந்த முகம் நீங்கப்பெற்றாள் என்றும், மாவிட்டபுரத்தில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்தாள் என்றும், அதற்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை ஆயிற்று என்றும் தலவரலாறு கூறும். முருகன் கப்பலில் வந்திறங்கிய துறையில் நாமும் இறங்குகிறோம். கீரிமலை நகுலேசுவரமும் மாவிட்டபுரமும் துறைமுகத்துக்கு மிக அருகில் உள்ளன. நகுலேசுவரம் 1990-இல் போரினால் சிதைந்து, நெடுங்காலம் அடியார்கள் அணுக இயலாதிருந்து, மீண்டும் எழுந்த தலம். கடலோரத்து நன்னீர்க் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நீராடும் இடமுண்டு. படிகள் வழுக்கும், துணையின்றி இறங்க வேண்டா. நல்லூர் கந்தசுவாமி கோயில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவு. அங்கு ஆண்கள் மேலாடை களைந்தே உட்செல்ல வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிப் பிறகு தொடங்கும் 25 நாள் பெருவிழாவின்போது சென்றால் கூட்டத்தை எண்ணிக் கூடுதல் நேரம் ஒதுக்குக. நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் படகும் ஏற வேண்டியிருப்பதால் கப்பல் நிற்கும் ஒரு பகலில் அது கூடாது. வாகன ஓட்டுநர் முடியும் என்பார், நம்ப வேண்டா.

இனி, கப்பலுக்குள் தங்கும் அறை. கேபின் என்பர். உட்புற அறைக்குச் சாளரமில்லை, விலை குறைவு. பொழுது விடிந்ததா என்பதே தெரியாத அவ்வறை சந்தியாவந்தனமும் சூரிய நமஸ்காரமும் செய்வோருக்கு உகந்ததன்று. சற்றுக் கூடுதல் கொடுத்துக் கடல் தெரியும் அறை எடுத்தல் நலம். அதைவிட முக்கியம் அறை இருக்கும் இடம். கப்பலின் முன்னும் பின்னும் அசைவு மிகுதி; உயரச் செல்லச் செல்ல ஆட்டம் கூடும். நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்கு அருகில் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குக. நடன அரங்கத்துக்கு நேர் கீழோ மேலோ அமைந்துவிட்டால் நள்ளிரவு வரை உறக்கமில்லை. சுவரிலிருந்து இறக்கும் மேல் கட்டில் முதியோருக்கு ஆகாது என்பதைப் பதிவின்போதே கூறிவிட வேண்டும். குளியலறை வாசலில் உயர்ந்த வரம்பு இருக்கும். இரவில் அதில் இடறுவோர் பலர். சிறு விளக்கொன்றை எரியவிட்டு உறங்குக.

அறையில் அகல் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் ஏற்றலாகாது. நடுக்கடலில் தீயைப் போன்ற அபாயம் வேறில்லை. புகை உணர் கருவி உடனே ஒலிக்கும். வீட்டில் நாள்தோறும் விளக்கேற்றும் தாய்மார்க்கு இது மனக்குறையாகத் தோன்றும். சிறு படமொன்றை வைத்து, பூ இட்டு, பாராயணம் செய்து மானச பூஜை புரியத் தடையேதுமில்லை. தேங்காய், பழம், பூமாலை ஆகியவற்றை இங்கிருந்து கரைக்கு எடுத்துச் சென்றால் பயிர்நோய்த் தடுப்பு விதிகளின்படி தடுக்கப்படலாம். அர்ச்சனைப் பொருள்களைக் கோயில் வாசலிலேயே வாங்குவது எளிது.

சைவ உணவும், வெங்காயம் பூண்டு சேராத சமண உணவும் இத்தகைய கப்பலில் கிடைக்கும்; முன்பதிவிலேயே குறிப்பிட வேண்டும். ஆசாரம் மிகுந்தோர் பழமும் பாலும் தயிரும் கொண்டு நாளைக் கழிக்கலாம். மதுக்கூடமும் சூதாட்ட அரங்கமும் அதே கப்பலில்தான் இருக்கின்றன. அந்தத் தளத்தைத் தவிர்த்துத் திறந்த மேல்தளத்தில் அமர்ந்து கடலைப் பார்த்திருக்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை.

மருந்துகளைப் பெட்டியில் வைக்க வேண்டா. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். நீரிழிவு மாத்திரையும் இன்சுலினும் கைப்பையிலேயே இருக்கட்டும். கடல் குமட்டலுக்கான மாத்திரைகள் உறக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்குபவை. கண் நீர் அழுத்தமோ புரோஸ்டேட் தொல்லையோ உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. கப்பல் மருத்துவருக்குக் கட்டணம் பெரிது. பயணக் காப்பீடு எடுத்துவிடுக. கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கை நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் பதிவு செய்வோரிடம் புதிதாகக் கேட்டறிக. கரைக்கு இறங்கும்போது கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் நகல், கொஞ்சம் இலங்கை ரூபாய் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே ஆதலால் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஆனி முதல் ஆவணி வரை திருகோணமலைப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் வேகம் அம்பாந்தோட்டைப் பக்கம்தான் தெரியும்.

ஒரு பகல் தரிசனம் மனத்துக்கு நிறைவு தராது என்று எண்ணுவோர்க்கு மற்றொரு வழி உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை சேரலாம். அதில் உல்லாசம் ஏதுமில்லை, இருக்கை மட்டுமே. ஆயினும் யாழ்ப்பாணத்தில் நான்கு நாள் தங்கி நல்லூர் மாலைப் பூஜையையும் நயினாதீவையும் நிதானமாகத் தரிசித்துத் திரும்பலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சேவை நிறுத்தப்படுவதால் ஐப்பசி, கார்த்திகையில் இதனை நம்பித் திட்டமிட வேண்டா.