கருப்பு வெள்ளைப் படத்திற்கு ஏற்ற மை

அந்தமானில் குடியேறிய தமிழர் இல்லங்கள் பலவற்றில், கூடத்துச் சுவரில் ஒரு முதியவரின் கருப்பு வெள்ளைப் படம் தொங்குவதைக் காண்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர் அவர். அவர் முகத்தைப் பேரப்பிள்ளைகள் அறிவதற்கு அப்படம் ஒன்றே சான்று.

இத்தகைய சான்றுகள் எளிதில் அழியக்கூடியவை. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அத்தீவைப் பெரிதும் பாழ்படுத்தியது. வீட்டையே கடல் கொண்டபோது, பெட்டியிலிருந்த படங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? உறவினரிடம் எஞ்சிய ஒரு படத்தைக் கைப்பேசியில் நகலெடுத்துப் புதிதாக அச்சிட்டுக்கொள்வதே இத்தகையோர்க்கு உள்ள வழி. அவ்வாறு அச்சிடும்போது எந்த மையைத் தேர்வது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

நம் வீட்டிலும் பாட்டனார் படம் ஒன்றை ஒரு கடையில் அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டினோம். இரண்டாம் மழைக்காலம் கழியுமுன் முகத்தின் சாம்பல் நிறம் செம்மை பாய்ந்தது. மீசையின் விளிம்பு கலங்கியது. படத்தில் குறையில்லை, மையில்தான் குறை.

காரணம் யாது? மை தெளிக்கும் அச்சுப்பொறிகள் பல, சாம்பல் நிறத்தைக் கருப்பு மையால் மட்டும் ஆக்குவதில்லை. நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்றையும் கலந்தே ஆக்குகின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒன்று முந்தி மங்கினால் மற்றவற்றின் நிறம் மேலெழும். அன்றியும், பகலொளியில் சாம்பலாகத் தோன்றும் கலவை, இரவில் விளக்கொளியில் பசுமையாகவோ செம்மையாகவோ தோன்றுவதும் உண்டு.

கடைகளில் 'டை இங்க்' என்றும் 'பிக்மென்ட் இங்க்' என்றும் இருவகை மைகள் கிடைக்கின்றன. முன்னது சாயம், நீரில் முற்றும் கரைந்தது. அதன் பளபளப்பு கண்ணைக் கவரும், விலையும் குறைவு. ஆயினும் ஒளியாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் எளிதில் சிதையும். ஈரம் மிகுந்தால் தாளுக்குள்ளேயே பரவும். பின்னது நுண்ணிய திடத்துகள்கள் நீரில் மிதக்கும் மை. துகளின் வெளிப்புறம் சிதைந்தாலும் உட்புறம் காக்கப்படுவதால் அது நெடுநாள் நிற்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் பின்னதே ஏற்றது.

அதிலும் கருப்பு நிறத் துகள் கரியாகும். நம் முன்னோர் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பின், விளக்குக் கரியைத் தடவி எழுத்தை விளங்கச் செய்தனர். ஓலை செல்லரித்தாலும் எஞ்சிய இடத்தில் எழுத்துக் கருமை குன்றாதிருப்பதைக் காண்கிறோம். ஒளியும் காற்றும் கரியை எளிதில் மாற்றுவதில்லை. அந்தக் கரியே இன்று புட்டியில் அடைக்கப்பெற்று வருகிறது.

ஆனால் ஒரே கரிய மையைக் கொண்டு மெல்லிய சாம்பலைக் காட்டினால், புள்ளிகள் தனித்தனியே தெரிந்து முகம் சொரசொரப்பாகும். இக்குறையைப் போக்கவே கருப்பு மையோடு சாம்பல் மைகளும் சேர்க்கப்பட்டன. எப்சன் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் கருப்பு ஒன்றும் சாம்பல் இரண்டுமாக மூன்று படிகளைக் கொண்ட மைத்தொகுதியை வெளியிட்டது. படத்திற்கென அமைந்த உயர்தரப் பொறிகளில் இன்று சாம்பல் மைகள் இடம்பெறுகின்றன. எனவே படம் அச்சிடக் கொடுக்குமுன், 'பிக்மென்ட் மையா? சாம்பல் மை உண்டா?' என்னும் இரு வினாக்களைக் கேட்டறிதல் நலம்.

இல்லங்களில் வழங்கும் மைத்தொட்டி அச்சுப்பொறிகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை வேண்டும. அவற்றுள் பலவற்றில் கருப்பு மட்டும் துகள் மை, வண்ணங்கள் சாயமே. பளபளப்பான தாளில் அச்சிடும்போது பொறி அக்கருப்பை ஒதுக்கிவிட்டு வண்ணச் சாயங்களையே கலப்பதுண்டு. சாயத்திற்கென அமைந்த தொட்டியில் துகள் மையை ஊற்றுதலும் கூடாது, நுண்துளைகள் அடைபடும். தாளுக்கேற்ற கருப்பும் வேறுவேறு. மழமழப்பான தாளுக்கு 'போட்டோ பிளாக்'. பளபளப்பற்ற தாளுக்கு 'மேட் பிளாக்'. மை கப்பலில் வந்து சேரும் ஊராதலின், புட்டியின் காலாவதி நாளைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

சோதனை எளிது. வெண்மை முதல் கருமை வரை படிப்படியாக அமைந்த ஒரு பட்டையை அச்சிட்டு ஒருநாள் உலர விடுக. சன்னல் ஒளியிலும் இரவு விளக்கிலும் அதனை நோக்குக. பின்னர்ப் பாதியைக் கருந்தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரம் வைத்து, இரு பாதிகளையும் ஒப்பிடுக. மை தன் உண்மையைத் தானே கூறிவிடும்.

செலவு செய்ய இயலாதோர்க்கும் வழியுண்டு. கருப்பு வெள்ளை லேசர் அச்சின் பொடியிலும் கரி உண்டு. அதில் முகத்தின் மென்மை முழுதும் வாராது. ஆயினும் நல்ல தாளில் எடுத்த நகல் நெடுநாள் நிற்கும். அதனை ஒரு காப்புப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டமிடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாதவாறு நடுவே அட்டை விளிம்பு வைத்தல் வேண்டும்; ஈரத்தில் ஒட்டிய படத்தைப் பிரித்தெடுத்தல் அரிது. மழை நனைக்கும் வெளிச்சுவரும் வெயில் விழும் இடமும் ஆகா. மற்றொரு பிரதியைத் தாய்நாட்டுச் சொந்த ஊரில் உறவினரிடம் அனுப்பி வைப்போமாக. ஒரு கரையில் கடல் கொண்டாலும் மறு கரையில் முகம் எஞ்சும்.