மொய் நோட்டு கேட்கும் முதல் கேள்வி

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் மொய் விருந்து பேனர்தான். பலர் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே கறிச் சோறு. ஆளுக்கொரு மொய் மேசை. பணம் எண்ணும் இயந்திரம், கம்ப்யூட்டர் ரசீது, காவலுக்கு ஆள் என்று எல்லாம் வந்தாயிற்று. ஒரே நாளில் கோடிக்கணக்கில் வசூல் என்ற செய்தியோடு நாம் நின்றுவிடுகிறோம். பார்க்க வேண்டியது மொய் எழுதும் நோட்டை.

ஊர்வாரியாகப் பக்கம், பெயர், தொகை. நம் விருந்தில் ஆயிரம் எழுதியவர் சில வருஷம் கழித்து விருந்து வைக்கிறார். ஆயிரத்தைத் திருப்பிச் செய்து, மேலே ஐந்நூறு வைக்கிறோம். ஆயிரம் பழைய மொய். ஐந்நூறு புது மொய். இனி அது அவரிடம் நமக்கு நிற்கும் பாக்கி. வாங்கியதை மட்டும் செய்துவிட்டு வந்தால் கணக்கை முடித்துக்கொண்டதாக அர்த்தம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை.

புது மொய் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா? தென்னை காய்ப்பு எப்படி? சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒழுங்காகப் பணம் அனுப்புகிறானா? இவர் இன்னும் எத்தனை பேருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது? வரும்படி, கடன், நாணயம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கை பைக்குள் போகும். திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மாவுக்குப் போன வட்டிக்கடை ஏஜெண்டுகள் முதலாளிக்கு ஐந்தொகை எழுதி அனுப்பியதும் இதற்காகத்தான். சொத்து எது, கடன் எது என்று பிரித்துக் காட்டாமல் அங்கே பணம் நகராது.

1934-ல் கிரஹாமும் டாட்டும் எழுதிய ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ புத்தகமும் இந்த விசாரணையைத்தான் கம்பெனிகளிடம் நடத்தியது. 1952-ல் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் வந்தார். முதலீட்டில் இரண்டு படிகள் உண்டு என்று தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: கவனிப்பாலும் அனுபவத்தாலும் ஒரு பங்கின் எதிர்காலத்தை மதிப்பிடுவது முதல் படி, அந்த மதிப்பீடுகளை வைத்துப் பணத்தைப் பிரித்துப் போடுவது இரண்டாவது. தான் பேசப்போவது இரண்டாவதை மட்டுமே என்றும் வெளிப்படையாக எழுதினார். பின்னால் வந்த நிதிப் பாடத்திட்டம் அந்த இரண்டாவது படியிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டது. விலை எவ்வளவு ஆடுகிறதோ அதுவே ரிஸ்க். கம்பெனியின் கடன் பட்டியலைப் புரட்டாமலே, சந்தையோடு சேர்ந்து விலை எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் ‘பீட்டா’ போட்டுவிடலாம்.

பிரித்துப் போடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மொய் வாங்கியவர் தோப்பும் கொடுத்தவர் தோப்பும் ஒரே இரவில் சாய்ந்தன; எல்லாம் ஒரே வட்டாரத்தில் போட்ட பணம்.

ஆனால் என் கவலை வேறு. விசாரிக்கும் பழக்கமே போகிறது. தோப்பைப் பார்த்து ஐந்நூறா ஆயிரமா என்று யோசிக்கும் வீட்டில், பிள்ளை செல்போனில் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் போல ஆப்ஷன் வாங்குகிறான். அடியில் இருக்கும் கம்பெனி என்ன செய்கிறது என்பது அவனுக்குத் தேவையில்லை. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, அவ்வளவுதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மொய்ப் பணம் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். அதுவும் இந்தப் பக்கம் திரும்பினால் விருந்து வைத்தவர் மட்டுமல்ல, நோட்டில் இருக்கும் அத்தனை ஊரும் மாட்டிக்கொள்ளும்.

வணிகவியல் வகுப்பில் சூத்திரத்துக்கு முன்னால் ஆண்டறிக்கையை மேசையில் வைக்க வேண்டும். வீட்டிலும் பிள்ளையிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்தக் கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? யாருக்கு எவ்வளவு பாக்கி? சொன்ன தேதியில் கொடுத்திருக்கிறதா? பதில் வராவிட்டால் பணம் கையிலேயே இருக்கட்டும்.