வெட்டவெளியில் ஒரு வானொலி நிலையம்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில், அமெரிக்காவிலும் கனடாவிலும் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் கூடாரம் அடித்து, மரத்துக்கு மரம் கம்பி இழுத்துக் கட்டி, பாட்டரியையும் ஜெனரேட்டரையும் சூரியத் தகட்டையும் துணைகொண்டு, ஒரு பகலும் ஓர் இரவும் தூரதேசத்தாரோடு சம்பாஷிக்கிற வைபவம் ஒன்று நடைபெறுகிறது. 'ஃபீல்ட் டே' என்ற இதனை 1933இல் ஆரம்பித்தது அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்னும் ஸ்தாபனம். ஈடுபடுகிறவர்கள் சம்பளத்துக்கு உழைக்கும் உத்தியோகஸ்தர்கள் அல்லர். பரீட்சை எழுதி லைசென்ஸ் பெற்று, 'ஹாம்' என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலி அபிமானிகள்.

எத்தனை நிலையங்களோடு தொடர்பு கொண்டார்கள் என்பதற்குப் புள்ளிகள் உண்டாதலால், மேலோட்டமாகப் பார்த்தால் இது போட்டியாகவே தோன்றும். ஆனால் அவசரகால மின்சாரத்தை மட்டுமே நம்பி இயங்கினால் தனிப் புள்ளி. ஜனங்கள் வந்துபோகும் இடத்தில் நிலையம் அமைத்தால் புள்ளி. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு மேஜை போட்டால் அதற்கும் புள்ளி! தாம் கற்ற வித்தையை ஊரார் அறியச் செய்வதையும் சாமர்த்தியத்தின் ஓர் அங்கமாகவே மதித்த இந்த ஏற்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அவசரகாலத்துக்கு இத்தகைய பயிற்சி எதற்கு என்றால், நம் கைபேசி பேச வேண்டுமானால் கோபுரம் நிற்க வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வர வேண்டும், அந்தக் கோபுரத்தை மற்ற ஊர்களோடு இணைக்கும் கேபிள் அறுபடாதிருக்க வேண்டும். ஹாம் நிலையத்துக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. 40 மீட்டர் அலைவரிசையானால், அனுப்பவும் கேட்கவும் உதவும் ஒரு டிரான்ஸீவரும் பாட்டரியும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கம்பியும் போதும். அதிலிருந்து கிளம்பும் சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தை அடைந்து, அங்கிருந்து வளைந்து, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பூமிக்குத் திரும்புகிறது. கம்பியைத் தாழ்வாகக் கட்டினாலோ, அலை ஏறக்குறையச் செங்குத்தாக மேலேறி, இடையிலுள்ள மலைகளைப் பொருட்படுத்தாமல் சுற்றுவட்டாரத்திலேயே இறங்குகிறது. வெள்ளத்தாலோ பூகம்பத்தாலோ துண்டிக்கப்பட்ட பிரதேசத்துக்கு முதலில் வேண்டியது பெரும்பாலும் இந்தச் சமீபத் தொடர்புதான்.

இந்தப் பயிற்சியின் பிரயோஜனத்துக்கு நம் நாட்டிலேயே சாட்சியம் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு, உலகெங்குமுள்ள ஹாம்களோடு பேசும் ஆர்வத்தில் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. 26ஆம் தேதி சுனாமி அந்தமானைத் தாக்கிச் சாதாரணத் தொடர்புகள் அற்றுப்போனபோது, ஆர்வத்துக்காக எடுத்துச் சென்ற அதே சாதனங்களைக்கொண்டு, தீவுகளில் இருந்தவர்களின் க்ஷேமசமாசாரத்தை அவர்கள் வெளியுலகத்துக்கு அனுப்பினார்கள்.

ஃபீல்ட் டே முகாம்களில், பார்க்க வந்தவர்களையும் பேச வைப்பதற்கென்றே தனி நிலையம் ஒன்று வைப்பதுண்டு. லைசென்ஸ் உள்ள ஒருவர் அருகிலிருந்து மேற்பார்வை செய்ய, பள்ளிச் சிறுமியும் மைக்கைப் பிடித்து, முகமறியாத ஒருவருடன் பேசிப் பார்க்கலாம்.